எதிர்ப்பாற்றல் குறைந்ததா, கட்டுப்பாடு தளர்ந்ததா?

கேள்வி: எனக்கு வயது 34. தைராய்டு ஹார்மோன் குறைவாகச் சுரக்கிறது, தைராய்டைக் குறிவைக்கும் டிபிஓ ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) மிகுந்திருக்கிறது, இது ஹாஷிமோட்டோ நோய் என்று மருத்துவர் கூறினார். என் உடலே என் சுரப்பியைத் தாக்குகிறது என்றால் நோய் எதிர்ப்பாற்றல் பழுதடைந்துவிட்டது என்றுதானே பொருள்? அதைப் பெருக்கும் சத்து மாத்திரைகளை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் எதிர்ப்பாற்றல் குறைந்துவிடவில்லை, சொந்தத் திசுவைத் தொடாமல் அதனைத் தடுத்துவைத்திருந்த கட்டுப்பாடு ஓரிடத்தில் தளர்ந்திருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதால்தான், 'பெருக்கும்' மாத்திரை உங்கள் சிக்கலுக்குத் தொடர்பில்லாதது என்கிறேன்.

இனி வரப்போகும் கிருமி எத்தகையது என்பது உடலுக்கு முன்கூட்டியே தெரியாது. ஆகவே எதிர்ப்பாற்றலின் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் உருவாகும்போது, மரபணுத் துண்டுகளைத் தற்செயலாகக் கலைத்துச் சேர்த்து, எண்ணற்ற வடிவங்களில் ஏற்பிகள் (அயற்பொருளைப் பற்றி அடையாளம் காணும் புரதங்கள்) அமைக்கப்படுகின்றன. அவற்றுள் சில நம் சொந்தப் புரதங்களோடும் பொருந்திவிடுவது தவிர்க்க முடியாதது. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் இவை சோதிக்கப்படுகின்றன. அங்கு வளரும் செல்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வெளியே வருவதில்லை. அவை அனைத்தும் 'துரோகிகள்' என்று எழுதுவோர் உண்டு, ஆனால் பெரும்பாலானவை எதையும் அடையாளம் காண இயலாத காரணத்தாலேயே மடிகின்றன. சொந்தப் புரதங்களை இறுகப் பற்றும் செல்களும் அங்கேயே அழிக்கப்படுகின்றன.

தைராய்டு கழுத்தில் இருக்க, அதன் புரதத்தைத் தைமஸ் எப்படி அறியும் என்று நீங்கள் கேட்கலாம். கணையத்துக்குரிய இன்சுலின், தைராய்டுக்குரிய தைரோகுளோபுலின் போன்ற புரதங்களைத் தைமஸின் சில செல்கள் தாமே சிறிதளவு உருவாக்கி, வளரும் டி செல்களுக்குக் காட்டுகின்றன. இத்தகைய புரதங்கள் பலவற்றை அங்கு உருவாகச் செய்யும் 'ஏர்' என்னும் மரபணு 1997-இல் கண்டறியப்பட்டது. அது பழுதுற்றுப் பிறப்பவர்களுக்குப் பல சுரப்பிகள் ஒருசேரத் தாக்கப்படும் அரிய நோய் உண்டாகிறது.

இந்தச் சோதனை முழுமையானதன்று. தப்பிவரும் செல்களை அடக்கிவைக்க ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்றொரு பிரிவு இருப்பதை 1995-இல் ஷிமோன் சகாகுச்சி காட்டினார். 2001-இல் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்தனர். இச்செல்களின் வளர்ச்சியை ஆள்வது அம்மரபணுவே என்பது பின்னர் தெளிவாயிற்று. மூவருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதாவது, சொந்தத் திசுவைப் பொறுத்துக்கொள்வது இளமையில் ஒருமுறை கற்று முடிக்கும் பாடமாக இல்லாமல், வாழ்நாள் முழுவதும் நடைபெறும் காவலாக இருக்கிறது. மரபும் சூழலும் சேர்ந்து அக்காவலை எங்கேனும் தளர்த்தும்போது உங்களுடையதைப் போன்ற நோய் தொடங்குகிறது.

உங்களுக்கு மருத்துவர் லெவோதைராக்சின் எழுதியிருந்தால், அது தாக்குதலை நிறுத்துவதற்கானது அன்று, குறைந்துபோன ஹார்மோனை ஈடுசெய்வதற்கானது. எனவே அளவு சரியா என்பதை தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டிஎஸ்ஹெச் பரிசோதனையே காட்டும். ஆன்டிபாடியை அடிக்கடி அளந்து கவலைப்படுவதில் பயன் இல்லை. எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளும் பொதுவாக இந்நோய்க்குத் தேவைப்படுவதில்லை.

சத்து மாத்திரைகளில் மூன்று வகைகளைக் கவனியுங்கள். மிகையான அயோடின் இந்நோயில் சுரப்பியை மேலும் மந்தப்படுத்தக்கூடும். கடற்பாசி மாத்திரைகளில் அது நிறைய இருக்கும். பயோட்டின் என்னும் வைட்டமின் தைராய்டு பரிசோதனை முடிவுகளையே பிறழச் செய்யும் என்பதால், எடுத்துக்கொண்டால் பரிசோதனைக்கு முன் சொல்லிவிடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் லெவோதைராக்சினை உடல் ஈர்ப்பதைத் தடுப்பதால் 4 மணி நேர இடைவெளி வேண்டும். தடுப்பூசிகளை இந்நோய்க்காகத் தவிர்க்க வேண்டியதில்லை. கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் முன்னதாகவே மருத்துவரிடம் கூறுங்கள். கர்ப்பத்தின் முதல் வாரங்களிலேயே மருந்தின் அளவைக் கூட்ட வேண்டிவரும்.