பொறுப்பான பிள்ளை என்று யார் சொன்னது?

கேள்வி: என் மகன் தனியார் மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். வயது 12. வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று கணக்கு வாத்தியார் மரஸ்கேலால் அடித்ததில் இடது மோதிர விரல் எலும்பு முறிந்துவிட்டது. பள்ளி மேனேஜரே காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் செலவையும் கட்டினார். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அவர் சொன்னதால், தேங்காய்க் களத்தில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் சொன்னோம். பையன் பொறுப்பானவன், தாத்தா கேட்டால்கூட விழுந்துட்டேன் என்றுதான் சொல்கிறான். வாத்தியாரும் கெட்டவர் இல்லை. கணவர் ‘கம்முனு இரு’ என்கிறார். மாமனாருக்குத் தெரிந்தால் ஆள் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவார். பேசாமல் டி.சி. வாங்கி வேறு பள்ளியில் சேர்த்துவிடலாமா?
— ஒரு வாசகி, காங்கேயம் வட்டம்

பதில்: அம்மிணி, டி.சி. பேச்சு அப்புறம். பையன் பொறுப்பானவன் என்று எழுதியிருக்கிறீர்களே, எதை வைத்து? நீங்கள் சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொந்தத் தாத்தாவிடம்கூடப் பிசகாமல் ஒப்பிக்கிறான், அதை வைத்து.

அந்த ஆஸ்பத்திரி அறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விரல் வீங்கி உட்கார்ந்திருக்கிறான். ‘எப்படி ஆச்சு தம்பி?’ என்று டாக்டர் அவனைப் பார்த்துத்தான் கேட்டிருப்பார். அவன் வாயைத் திறக்கும் முன்பே பதில் உங்களிடமிருந்து வந்துவிட்டது. அப்பா, அம்மா, பள்ளி மேனேஜர் மூன்று பேரும் ஒரு பக்கம். அவன் மட்டும் ஒரு பக்கம். பெரியவர்கள் அடித்தால் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் வீட்டுக்குச் சங்கடம் என்று அன்றைக்கு அவனுக்குப் புரிந்துவிட்டது. நாளைக்குப் பள்ளி வேனிலோ டியூஷனிலோ எவனாவது அவனிடம் கேடாக நடந்தால் அதையும் உங்களிடம் சொல்ல மாட்டான். ‘என் பிள்ளை ஏன் முதல் நாளே சொல்லவில்லை’ என்று அழுது எழுதும் தாய்மார்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. அதற்கு முன்னால் ஒரு நாள் அந்தப் பிள்ளை சொன்னபோது நாம் என்ன செய்தோம் என்று யாரும் எழுதுவதில்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கும் சேர்த்தே சொல்கிறேன். களத்தில் கூலி பாக்கி என்றால் கம்முனு இருப்பாரா? பிள்ளைக்காக வாய் திறப்பது தகப்பனுடைய வேலை. ஆஸ்பத்திரிச் செலவைப் பள்ளி கட்டியதை நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்துக்கு அவர்கள் வாங்கிப்போனது உங்கள் வாக்குமூலத்தை.

வாத்தியார் கெட்டவர் இல்லை என்றால், செய்ததைத் தன் வாயாலேயே சொல்லட்டும். அந்த ஸ்கேல் இன்னும் அதே மேஜையில்தான் கிடக்கிறது. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் அந்த வகுப்பில் இன்னும் எத்தனையோ பேர்.

இனி ஆக வேண்டியது. முதலில் பையன். இரண்டு பேரும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ‘டாக்டர்கிட்ட நாங்க சொன்னது பொய் சாமி, உன்னையும் சொல்ல வெச்சது எங்க தப்பு’ என்று சொல்லுங்கள். இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். பிறகு என்ன நடந்தது என்று அவன் சொல்லட்டும், அப்பா எழுதட்டும். எந்தத் தேதி, எந்த பீரியட், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் எல்லாம் அவன் பேச்சிலேயே இருக்கட்டும். நடுவில் திருத்தாதீர்கள், திரும்பத் திரும்பக் கேட்டுத் துளைக்காதீர்கள்.

அடுத்தது தாத்தா. அவரிடமும் பையனே சொல்லட்டும். கோபம் வரும், வரட்டும். ஆனால் ஆள் கூட்டிப்போய் வாத்தியார் மேல் கைவைத்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பி, பேரன் விரலைப் பற்றிப் பேச ஆளிருக்காது. ஸ்டேஷனுக்குத் துணையாக வரச் சொல்லுங்கள். பெரியவர் ஒருவர் கூட நின்றால் பேச்சுக்கு மரியாதை கிடைக்கும்.

அதே டாக்டரிடம் திரும்பப் போய் நடந்ததைச் சொல்லி, அதைப் பதிவு செய்யக் கேளுங்கள். எக்ஸ்ரே, சீட்டு, பில் எதையும் தொலைக்க வேண்டாம். அப்படியே அரசு மருத்துவமனைக்கும் போய், வாத்தியார் அடித்தது என்று சொல்லிக் காட்டுங்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதிப் போலீசுக்குத் தகவல் கொடுப்பார்கள். நாள் கடந்துவிட்டதே என்று தயங்காதீர்கள்.

எலும்பு முறிந்தால் சட்டத்தில் அது சின்ன அடி ஆகாது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவு அதைக் கொடுங்காயம் என்கிறது. தெரிந்தே செய்தது என்று நிரூபணமானால் 117-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில், பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. தங்கள் பொறுப்பில் விடப்பட்ட குழந்தையை அந்த நிறுவனத்தில் வேலை செய்பவரே கொடுமைப்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 75-ஆம் பிரிவு. எந்தப் பிரிவு பொருந்தும் என்பதைப் போலீசும் கோர்ட்டும் பார்க்கட்டும். நடந்ததை எழுதிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை.

புகாரில் டாக்டரிடம் மாற்றிச் சொன்னதையும், அப்படிச் சொல்லச் சொன்னது யார் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார். ஸ்டேஷனில் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசமாகத் தர வேண்டும். புகாரை வாங்க மறுத்தால் திருப்பூர் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். தலைமையாசிரியருக்கும், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும், முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஆளுக்கொரு பிரதி. 1098-ல் கூப்பிட்டால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து உதவி கிடைக்கும். அரசியல் பிரமுகர், சாதிப் பெரியவர், மண்டபத்தில் பேசி முடிப்பது எதற்கும் இணங்க வேண்டாம். அங்கே பிள்ளையின் விரலுக்கு விலை பேசுவார்கள்.

டி.சி. கேட்டீர்களானால் பள்ளி சந்தோஷமாகவே கொடுத்துவிடும். அவர்களுக்கும் அதுதான் வேண்டும். புகார் ரசீது கைக்கு வரும்வரை அதை வாங்காதீர்கள். வந்த பிறகு அங்கேயே படிக்கிறாயா, வேறு பள்ளிக்குப் போகலாமா என்று பையனிடம் கேளுங்கள். அவன் என்ன சொல்கிறானோ அதைச் செய்யுங்கள்.