கியர் ஆயில் வெள்ளையாக வந்தது, கடைமேல் கேஸ் போடலாமா?

காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம் இது. புதிதாக வாங்கிய 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது), வாரண்டி இன்னும் இருக்கிறது. விற்ற கடையிலேயே ஜனவரியில் சர்வீஸ் செய்து கியர் ஆயில் மாற்றினார்கள். ஏப்ரல் கடைசியில் துறைமுகத்து மெக்கானிக் ஆயிலை இறக்கினால் பால் டீ நிறத்தில் வருகிறது, கூடவே இரும்புத் துணுக்குகள். "வலை சுத்தினா வாரண்டி இல்ல, போய்யா" என்று நாலு பேர் முன்னால் கடைக்காரர் சொல்லிவிட்டார். கோபத்தில் மைத்துனரை வைத்துப் பிரித்து, தண்ணீர் புகாமல் தடுக்கும் ஆயில் சீலை மாற்றியாயிற்று, ஆனால் கியர் பல் போய்விட்டதால் மோட்டார் ஓடவில்லை. இப்போது கடைக்காரரே இறங்கி வந்து, சாமான் நாங்கள் தருகிறோம், கூலி நீங்கள் கொடுங்கள் என்கிறார். வாசகர் 5 லட்சம் நஷ்டஈடு கேட்க நினைக்கிறார்.

கடைக்காரர் பேசியதை விடுங்கள், அதற்குக் காசு வராது. மீன்பிடித் தடைக்காலத்தால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான் உங்களுக்கு மீன் நல்ல விலை போகும், அந்த நாட்கள் போனது பெரிய அடிதான், மறுக்கவில்லை. ஆனால் முந்தைய வருடம் அதே மாதங்களில் என்ன விற்றீர்கள் என்பதற்கு ஏலக்காரரிடம் துண்டுச்சீட்டாவது வாங்கி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அந்த 5 லட்சம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

உங்கள் கேஸில் ஒரே கேள்விதான்: தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது?

ஆயில் வெள்ளையானால் தண்ணீர் கலந்திருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். புரொபெல்லர் ஷாஃப்ட்டில் தங்கூசி (நைலான் மீன்பிடி நூல்) சுற்றி சீலை அறுத்திருந்தால் அது உங்கள் பக்கத் தவறு. சர்வீஸ் செய்தவர் ஆயில் இறக்கும் டிரெயின் ஸ்குரூவுக்குப் புது வாசர் போடாமல் பழையதையே மாட்டியிருந்தால் அது கடையின் சேவைக் குறைபாடு. மேலே டிரைவ் ஷாஃப்ட் சீலோ கியர் மாற்றும் தண்டின் சீலோ ஆரம்பத்திலிருந்தே சரியில்லை என்றால் பொருள் குறைபாடு, கம்பெனியையும் சேர்க்க வேண்டும். மூன்றிலும் ஆயில் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் வரும். எது என்று தெரிய, பிரிப்பதற்கு முன்னால் கியர் பாக்ஸுக்குள் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி விடுகிறது என்று பார்த்திருக்க வேண்டும். மைத்துனர் ஸ்பேனரை எடுத்த நிமிஷமே அந்த வாய்ப்பு போய்விட்டது.

மோட்டார், பம்ப், இன்வெர்ட்டர் என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் விழுகிற குழி இதுதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பிரிவு 38, சோதித்தால்தான் தெரியும் என்கிற குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையமே மாதிரி எடுத்து, முத்திரை வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வழி சொல்கிறது, கட்டணம் நீங்கள் கட்ட வேண்டும். ஆனால் அனுப்ப என்ன இருக்கிறது? ஆயிலைக் கொட்டிவிட்டீர்கள். பழைய சீலையும் வாசரையும் பத்திரப்படுத்தியதாக எழுதவே இல்லை. குறைபாடு இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான்.

இன்னொன்று, "முக்கிய ஆதாரம்" என்று நீங்கள் அனுப்பிய போட்டோக்களில் இரண்டாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை ஆயில் தெரிகிறது, சரி. பின்னால் புரொபெல்லர் கழற்றிய இடத்தில் தங்கூசி நூல் சுருண்டு கிடப்பதும் தெரிகிறது! 2023 பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63 கேட்கும், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழோடு அதை நீங்களே தாக்கல் செய்தால் எதிர்தரப்பு வக்கீலுக்கு வேலையே இல்லை. மைத்துனரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கினால், நூல் இருந்ததா என்று அவரிடம்தான் முதல் கேள்வி வரும். பொய் சொல்லச் சொல்லாதீர்கள், நானும் எழுதித் தரமாட்டேன்.

உங்களுக்கு மிச்சம் இருக்கிற ஒரே பிடி ஜனவரி மாத ஜாப் கார்டு, அதாவது செய்த வேலையைக் கடை எழுதித் தந்த சீட்டு. அதில் புரொபெல்லரைக் கழற்றி கிரீஸ் வைத்ததாகவும், சீல், வாசர் பார்த்ததாகவும் எழுதிக் காசு வாங்கியிருந்தால் கடையைக் கேட்க முகாந்திரம் உண்டு. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் கடலில் ஓடியிருக்கிறது, நூல் அதற்குப் பிறகு சுற்றியது என்று அவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். பேரம் பேசுவதற்கு அந்தக் கார்டு போதும், ஜெயிப்பதற்குப் போதாது.

அப்புறம், மூன்று படகு, சம்பளத்துக்கு ஆள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். சொந்தப் பிழைப்புக்காக வாங்கி உழைப்பவர்தான் நுகர்வோர் சட்டம் பிரிவு 2(7)-இன்படி நுகர்வோர், வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் இல்லை. மனுவைத் தள்ளச் சொல்ல அவர்களுக்கு இதுவே போதும்.

அதனால் நேராகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். கூலியில் பாதி குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், கிடைக்கும். ஆனால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். என்னென்ன கியர், பேரிங், சீல், வாசர் மாற்றுகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். மாட்டிய பிறகு காற்றழுத்தச் சோதனை உங்கள் கண் முன்னால் நடக்க வேண்டும். "முழு திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு தாளை நீட்டுவார்கள், டெலிவரி அன்றே அதில் கையெழுத்துப் போடாதீர்கள். புது கியர் போட்டால் பத்து, இருபது மணி நேரம் ஓடியதும் எப்படியும் முதல் ஆயிலை மாற்றியாக வேண்டும், அதுவரை பொறுங்கள். மோட்டாரை ஒரு ராத்திரி நிற்க வைத்துவிட்டு, காலையில் கடையிலேயே, அவர்கள் முன்னால், கண்ணாடி பாட்டிலில் இறக்குங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கி முதலில் வந்துவிடும். சுத்தமாக வந்தால் கையெழுத்துப் போடலாம், அதுவும் இந்த ரிப்பேருக்கு மட்டும், மீதி வாரண்டியை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரியும் இருக்கக்கூடாது.

மறுபடி வெள்ளையாக வந்தால் ஸ்பேனர் யார் கையிலும் போகக்கூடாது. பாட்டிலுக்கு மூடி போட்டு, தேதி எழுதி, கடைக்காரரிடமும் கையெழுத்து வாங்கி எடுத்து வாருங்கள், அப்போது சென்னை வடக்கு ஆணையத்தில் மனு போடலாம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்காக, மனு போட அதே நுகர்வோர் சட்டம் பிரிவு 69 தரும் இரண்டு வருடக் கெடு நிற்காது.