'நேரடியாக' என்றால் எந்த வழியாக?

கேள்வி: என் மகன் ஒரு சீன மூலிகை கேப்சூல் வாங்கி வந்திருக்கிறான். 'மூலிகைச் சத்து நேரடியாக மூளைக்குச் சென்று ஞாபகசக்தியைப் பெருக்கும்' என்று டப்பாவில் போட்டிருக்கிறது. வாயில் போடுவது மூளைக்கு எப்படிப் போகும்? சாப்பிடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பொய் அந்த 'நேரடியாக' என்ற சொல்லில்தான் இருக்கிறது. வாயில் போட்டது வயிறு, குடல், கல்லீரல் என்று மூன்று இடத்திலும் தப்பிப் பிழைத்தால்தான் ரத்த ஓட்டத்தில் கலக்கும். ஹுவாங்லியன் என்ற கசப்பு வேரை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டினால் உள்ளே பளிச்சென்று மஞ்சள். அந்த மஞ்சள் பெர்பெரின். நம் மரமஞ்சளிலும் அது உண்டு. எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தபோது நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்துக்கு வந்து சேரவில்லை.

ஜின்செங் என்ற மூலிகை வேரின் கதை வேறு. அதிலுள்ள ஆர்பி1 என்ற பெரிய மூலக்கூறு நான்கு சர்க்கரைகளைச் சுமந்துகொண்டு வரும். குடல் பாக்டீரியாக்கள் அவற்றைக் கொறித்து உதிர்த்தபின் மிஞ்சும் துண்டுதான் எளிதாக ரத்தத்தில் ஏறுகிறது. விழுங்கியது ஒன்று, உள்ளே சுற்றுவது வேறொன்று.

சரி, ரத்தத்துக்கு வந்தாயிற்று. அப்புறம்தான் கோட்டைச் சுவர். 1885-இல் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற மருத்துவ விஞ்ஞானி விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றினார். மற்ற உறுப்புகளில் நிறம் ஏறியது, மூளையில் ஏறவில்லை. மூளைக்குச் சாயம் ஒட்டாது போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். அவருடைய மாணவர் கோல்ட்மன் 1913-இல் சாயத்தை மூளைத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தினார். மூளை நீலமாகிவிட்டது, உடம்பு ஆகவில்லை! ஒட்டாமல் இல்லை, நடுவில் தடுப்பு இருக்கிறது. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் செல்கள் இடைவெளியே இல்லாமல் தைத்த மாதிரி நிற்கின்றன. சின்னதாகவும் கொழுப்பில் கரைவதாகவும் இருப்பவை நழுவி உள்ளே போகும். அப்படிப் போனவற்றிலும் பலவற்றை பி-கிளைகோபுரோட்டீன் என்ற காவல்காரன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவான். நம் பெர்பெரினுக்கும் அதே கதிதான்.

சீன வைத்தியர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். பிங்பியன், அதாவது போர்னியால், கொஞ்சம் சேர்த்தால் மற்ற மருந்துகளைத் தலைக்கு ஏற்றிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. (நம் பச்சைக் கற்பூரத்தின் வகையறாதான். கற்பூரத்துக்குப் பேர்போன சுமத்ராவின் பாருஸ் பக்கத்தில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088-இல் தமிழ்க் கல்வெட்டே வைத்திருக்கிறது.) நம்பிக்கை வெறும் கதை இல்லை: விலங்குச் சோதனைகளில் போர்னியால் அந்தத் தையலைச் சற்று நேரம் தளர்த்துகிறது, காவல்காரனையும் அசத்துகிறது. ஆனால் திறந்த கதவு வழியாக நல்லவன் மட்டும்தான் நுழைவான் என்று யார் சொன்னது?

தானாகவே சுவரைத் தாண்டும் ஒருவரும் உண்டு: ஹூப்பர்சைன் ஏ. சீனாவில் ஒரு சிறு காட்டுச் செடியிலிருந்து 1980-களில் பிரித்தெடுத்தார்கள். மூலக்கூறின் எடை வெறும் 242 டால்டன் (மூலக்கூறுகளை எடைபோடும் அலகு), அதாவது ரொம்பச் சின்னது. மூளைக்குள் போய், நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சிதைக்கும் என்சைமைத் தடுக்கிறது. சீனாவில் மருந்தாகவே விற்கிறார்கள். அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகள் 210 பேரை வைத்துச் சோதித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். 200 மைக்ரோகிராம் தினம் இருவேளை, 16 வாரம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஞாபகம் ஒன்றும் தேறவில்லை. இரட்டிப்பு அளவு சாப்பிட்டவர்களிடம்தான் லேசான முன்னேற்றம் தெரிந்தது. மூளைக்குப் போய்ச் சேர்ந்தவனின் நிலைமையே இது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள் ஐயா. எந்த மூலிகை, எத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறதா? ஹூப்பர்சைன் என்று இருந்து, நீங்கள் ஏற்கெனவே மறதிக்கு டோனெபெசில் சாப்பிடுகிறவரானால், டாக்டரிடம் காட்டாமல் ஒன்றைக்கூட விழுங்காதீர்கள்; இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை, சேர்ந்தால் நாடித்துடிப்பு இறங்கலாம். பெயரே போடவில்லையென்றால், பையனை அனுப்பிக் கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.