நாட்டுக்கோழிக்கு எத்தனை விசில்? கோழியும் முட்டையும் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: நாட்டுக்கோழி ஒரு முறை பூப்போல வேகிறது, மறுமுறை எட்டு விசில் விட்டும் ரப்பர் போல இழுக்கிறது. சரியான கணக்கு என்ன?
(தாராபுரத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: விசிலுக்கு முன்னால் கோழியின் வயதைக் கேட்க வேண்டும். பிராய்லர் கோழி ஏறத்தாழ 5 முதல் 6 வாரங்களில் இரண்டு கிலோ எடையை எட்டி விற்பனைக்கு வந்துவிடுவதால், அதை எந்தக் கடையில் வாங்கினாலும் வேகும் நேரம் பெரிதாக மாறுவதில்லை. நாட்டுக்கோழி அப்படியன்று. ஐந்து மாத விடைக்கோழியும், இரண்டு ஆண்டுகள் முட்டையிட்டு ஓய்ந்த பெட்டையும், ஊரெல்லாம் மேய்ந்து திரிந்த சேவலும் ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன. வயது ஏற ஏறத் தசைகளைப் பிணைத்து நிற்கும் கொலாஜன் என்னும் புரதம் இறுகிப்போகிறது. ஈரமான வெப்பத்தில் நெடுநேரம் இருந்தால்தான் அது இளகி ஜெலட்டினாக மாறும். வேகவைத்த சாற்றை மறுநாள் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது அல்வா போலத் திரண்டு ஆடினால், கொலாஜன் நன்றாகக் கரைந்திருக்கிறது என்று பொருள்.

வாங்கும்போதே வயதை ஓரளவு கணித்துவிடலாம். நெஞ்செலும்பின் பின்நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். குருத்தெலும்பாக வளைந்து கொடுத்தால் இளங்கோழி, கல்லைப் போல நின்றால் முதிர்ந்தது. சேவலாக இருந்தால் காலிலுள்ள முள்ளின் நீளமே வயதைச் சொல்லிவிடும். இளங்கோழிக்கு மூன்று அல்லது நான்கு விசில் போதும். முதிர்ந்த கோழியைச் சின்ன வெங்காயம், மஞ்சள், சிறிது உப்பு ஆகியவற்றோடு ஐந்தாறு விசில் விட்டு, பின்னர் தணலைக் குறைத்துப் பதினைந்து நிமிடங்கள் வைத்து, ஆவி தானாக அடங்கும் வரை குக்கரைத் திறக்காமல் இருங்கள். அதன்பின் ஒரு துண்டை எலும்பிலிருந்து பிரித்துப் பாருங்கள். பிரிய மறுத்தால் மீண்டும் மூடி வேகவைப்பதில் தவறில்லை. மசாலாவை அரைத்து ஊற்றுவது அதற்குப் பிறகுதான். தொடக்கத்திலேயே தேங்காய் விழுதைச் சேர்த்துவிட்டால் அது அடிப்பிடிக்கும்; அடிப்பிடிக்குமே என்ற அச்சத்தில் நீங்களும் அடுப்பை முன்கூட்டியே அணைத்துவிடுவீர்கள்.

பச்சைப் பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்து, ஒரு கிலோ கறிக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் பிசறி அரை மணி நேரம் வைப்பதும் பயன் தரும். அதிலுள்ள பப்பைன் நொதி புரதத்தை உடைக்கிறது. அளவு கூடினால் கறியின் மேற்பகுதி மாவாகிவிடும். கொட்டாங்குச்சித் துண்டைப் போட்டு வேகவைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அந்தக் கறியை மென்மையாக்குவது கொட்டாங்குச்சியன்று, அதை நம்பிக் கூடுதலாக வேகவைக்கும் நேரமே என்பது என் கருத்து.

கேள்வி: கோழிக்கறியைக் கழுவவே கூடாது என்கிறார்கள். மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் அலசாமல் எப்படிச் சமைப்பது?
(மதுரை வாசகி)

பதில்: நம் வீடுகளில் இதைச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள் என்பதை அறிவேன். ஆயினும் காரணத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பச்சைக் கோழிக்கறியில் சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும்போது தெறிக்கும் துளிகள், பக்கத்தில் நறுக்கி வைத்த கொத்தமல்லித் தழை மீதும் தயிர்ப்பச்சடி மீதும் விழுகின்றன. கறியிலிருக்கும் கிருமி அடுப்பில் செத்துவிடும், பச்சடியில் விழுந்த கிருமி சாகாது. கழுவியே தீர வேண்டுமென்றால் அகலமான பாத்திரத்தில் நீரெடுத்து, அதற்குள்ளேயே கறியை மெதுவாக அலசி எடுங்கள். முடிந்தவுடன் தொட்டி, குழாய்ப்பிடி, கை மூன்றையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். மஞ்சள் கவிச்சியைக் குறைக்கலாம், ஆனால் கிருமிகளை ஒழிக்க அதை நம்ப வேண்டாம். கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். குழம்பில் கொதிக்கும் சிறு துண்டுகள் இதை எளிதில் தாண்டிவிடும். முழுக் காலை எண்ணெயில் பொரிக்கும்போதுதான் வெளியே சிவந்து உள்ளே வேகாமல் நிற்கும் ஆபத்து இருக்கிறது.

கேள்வி: முட்டையை அவித்து உரித்தால் வெள்ளைக்கரு தோலோடு பிய்ந்து வருகிறது, மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையமும் தெரிகிறது. முட்டை கெட்டுப்போனதா?
(நெய்வேலி வாசகர்)

பதில்: கெடவில்லை. உரிக்க வராத முட்டை பெரும்பாலும் மிகப் புதிய முட்டை. இட்ட நாள்களில் வெள்ளைக்கருவில் கரைந்திருக்கும் கரியமில வாயு ஓட்டின் நுண்துளைகள் வழியே மெல்ல வெளியேற, அதன் காரத்தன்மை கூடுகிறது; அதன் பிறகுதான் உட்சவ்வின் மீதுள்ள பிடிப்பு தளர்கிறது. ஆகவே அவிப்பதற்கு ஒரு வாரம் பழகிய முட்டையே ஏற்றது. குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றுவதைவிட, கொதிக்கும் நீரில் கரண்டியால் மெதுவாக இறக்கிப் பத்து அல்லது பதினொரு நிமிடங்கள் வேகவிட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றினால் ஓடு எளிதில் கழன்று வரும். பச்சை வளையம் அதிகமாக வெந்ததன் அடையாளம்: வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து உண்டாகும் இரும்பு சல்பைடு அது. உடலுக்குக் கேடில்லை, பார்வைக்குத்தான் நன்றாக இராது.

கேள்வி: முட்டையை உடைத்து ஊற்றிக் குழம்பு வைத்தால் எனக்கு நூல் நூலாகக் கலைந்துவிடுகிறது. என்ன செய்வது?
(திருச்சியில் தனியே சமைக்கும் ஒரு மாணவர்)

பதில்: இங்கே கதை தலைகீழ். அவிப்பதற்குப் பழகிய முட்டை என்றால், உடைத்து ஊற்றுவதற்குப் புதிய முட்டை வேண்டும். நாளாக ஆக வெள்ளைக்கருவின் கெட்டியான பகுதி நீர்த்துப் போவதால், பழைய முட்டை குழம்பில் விழுந்தவுடன் பரவிவிடுகிறது. புளிக்குழம்பு பச்சை வாசனை போகக் கொதித்து, எண்ணெய் ஓரங்களில் பிரிந்த பிறகு தணலை நன்றாகக் குறையுங்கள். முட்டையை முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்து, கிண்ணத்தின் விளிம்பு குழம்பைத் தொடும்படி சாய்த்து நழுவவிடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று விழாமல் இடம் மாற்றி ஊற்றுங்கள். பிறகு மூடிவிட்டு ஐந்தாறு நிமிடங்கள் கரண்டியைக் கையிலேயே எடுக்காதீர்கள். வெள்ளை முழுவதும் கெட்டிப்பட்ட பின் ஒரு முறை திருப்பிவிட்டால் போதும். புளியின் அமிலம் வெள்ளைக்கரு விரைவில் உறையத் துணைசெய்வதால், தக்காளியை மட்டும் வைத்துச் செய்வதைவிடப் புளிக்குழம்பில் இது நன்றாக அமையும்.

கேள்வி: நாட்டு முட்டைக்கு இரு மடங்கு விலை கொடுப்பது தகுமா?
(ஈரோடு வாசகி)

பதில்: ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, மஞ்சள் கருவின் நிறம் அது தின்னும் தீவனத்தைப் பொறுத்தது. நாமக்கல் பண்ணைகளிலிருந்து வரும் 50 கிராம் எடையுள்ள வெள்ளை முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது; உருவத்தில் சிறிய நாட்டு முட்டையில் அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். சுவை பிடித்திருந்தால் வாங்குங்கள், சத்துக்காகக் கடன்பட வேண்டாம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வாங்கும் கறியில் பாதியை மசாலா தடவி உறையவைக்கலாமா?
(சென்னையில் வேலைக்குச் செல்லும் தாய்)

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஒரு வேளைக்கு வேண்டிய அளவில் தனித்தனிப் பொட்டலங்களாகத் தட்டையாக வையுங்கள். எலுமிச்சைச் சாற்றை மட்டும் சமைக்கும் நாளில் சேருங்கள். நாள்கணக்கில் புளிப்பில் ஊறினால் கறியின் மேற்பகுதி வெந்தது போல வெளிறிச் சொரசொரப்பாகிவிடும். முதல்நாள் இரவே உறைபெட்டியிலிருந்து எடுத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், கசியாத பாத்திரத்துக்குள் வைத்தால் காலையில் பதமாக இருக்கும். நான் ஒரு முறை, விருந்தாளிகள் வரும் நாளில், முழுக்கோழியை விடியற்காலையில் சமையல் மேடையில் எடுத்து வைத்துவிட்டு மற்ற வேலைகளில் மறந்துபோனேன். நடுப்பகலில் தொட்டுப் பார்த்தால் தொடைப்பகுதி வழவழத்து நாறத் தொடங்கியிருந்தது. வயிற்றுக்குள் இன்னும் பனிக்கட்டி கிடந்தது. அன்று வந்தவர்களுக்கு இரசமும் அப்பளமும்தான் கிடைத்தன. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதை வகுப்பில் கற்றுக்கொடுத்தவளும் நானேதான்.

கேள்வி: கருவுற்றிருக்கும் என் மகள் ஆஃப் பாயிலும் கலக்கியும் கேட்கிறாள். கொடுக்கலாமா?
(கோவை வாசகி)

பதில்: வேண்டாம். கருவுற்ற பெண்கள், முதியவர்கள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு மஞ்சள் கருவும் உறையும் வரை வெந்த முட்டையே பாதுகாப்பானது. நம் ஊர்க் கடைகளில் ஆஃப் பாயில் என்பது கல்லில் ஊற்றி மேற்புறம் ததும்பவிடும் முட்டை. கலக்கியும் பாதி வெந்த நிலையிலேயே சுருட்டி எடுக்கப்படுவது. கலக்கிக்கு ஊற்றும் சால்னாவின் சுவையே அவளை இழுக்கிறது என்று நினைக்கிறேன். அடித்த முட்டையில் இரண்டு கரண்டி சால்னாவையும் மிளகுத்தூளையும் சேர்த்துச் சிறுதீயில் மூடி வைத்து, நடுப்பகுதியும் உறைந்த பின் மடித்துக் கொடுங்கள்.