எலக்‌ஷன் டியூட்டி: ஏன் எப்போதும் ஆசிரியர்கள், விலக்கு கேட்க எது சரியான நேரம்?

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: “தேர்தல் அறிவித்தாலே எனக்கு ஆர்டர் வந்துவிடுகிறது. வேலையில்லாத பட்டதாரிகள் இத்தனை பேர் இருக்கும்போது அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்தால் என்ன? இந்தத் தடவை மாமியாருக்கு ஆபரேஷன், கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. விலக்கு கேட்டால் கொடுப்பார்களா, கேட்டதற்காக நடவடிக்கை வருமா?”

கேட்டதற்காக யாரும் நடவடிக்கை எடுக்க மாட்டார்கள். கேட்காமல் வராமல் இருந்தால்தான் வரும். ஆனால் எப்போது கேட்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது, அதற்கு ஆள் பிடிக்கும் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க சுமார் 10.5 லட்சம் வாக்குச்சாவடிகள். ஒரு பூத்துக்குத் தலைமை அலுவலர் ஒருவர், வாக்குப்பதிவு அலுவலர்கள் மூன்று பேர் என்று வைத்தாலே 40 லட்சத்தைத் தாண்டுகிறது. அப்புறம் ரிசர்வ் ஆட்கள், மண்டல அலுவலர்கள், பறக்கும் படை, எண்ணிக்கைக்கு வருபவர்கள், போலீஸ் என்று எல்லாரையும் சேர்த்துத்தான் தேர்தல் ஆணையம் 1.5 கோடிப் பேர் என்று சொன்னது. ஏழு கட்டமாக நடத்தியதால் ஆள் மிச்சமாகியிருக்குமே என்று தோன்றும். கட்டம் பிரிப்பது முக்கியமாக மத்தியப் படைகளை இடம் மாற்றுவதற்காக. பூத்துக்குள் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அந்தந்த மாவட்டத்து ஆட்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஏப்ரல் 19 அன்று ஒரே நாளில்தான் வாக்குப்பதிவு.

தேவை இனி இன்னும் கூடும். ஒரு பூத்துக்கு அதிகபட்சம் 1500 வாக்காளர்கள் என்று இருந்ததை 2025இல் 1200 ஆக்கினார்கள். வாக்காளருக்கு வரிசை குறையும், நல்லதுதான். ஆனால் அந்த ஒரு மாற்றத்தால் பீகாரில் மட்டும் 12,000க்கு மேல் புதிய பூத்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் நான்கு நாற்காலி.

சரி, பட்டதாரிகளை ஏன் எடுப்பதில்லை? வேறு நாடுகளில் வெளியாட்களை வைத்து நடத்துகிறார்கள் என்பது உண்மை. ஸ்பெயினில் சாதாரண வாக்காளர்களையே குலுக்கல் போட்டு உட்கார வைக்கிறார்கள், பிரிட்டனில் ஒரு நாள் கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள். நம் சட்டம் வேறு வழியில் போகிறது. அரசு ஊழியர்களைக் கேட்டு வாங்க அரசியல் சாசனத்தின் 324(6) இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 159ஆம் பிரிவு உள்ளாட்சி, பல்கலைக்கழகம், பொதுத்துறை நிறுவனம், அரசுப் பணத்தில் கணிசமாக ஓடும் அமைப்பு ஆகியவற்றிடம் ஊழியர்களைக் கேட்டு வாங்க வழி செய்கிறது. வருகிறவர்கள் 28ஏ பிரிவின்படி தேர்தல் முடியும்வரை ஆணையத்தின் ஊழியர்களாகக் கருதப்படுகிறார்கள், ஒழுங்கு நடவடிக்கைக்கும் உட்பட்டவர்கள். இதுதான் காரணம். தப்பு செய்தால் இழப்பதற்கு ஒரு வேலையும் பென்ஷனும் இருக்கிறவர்தான் ஆணையத்துக்கு வேண்டும். ஒரு நாள் கூலிக்கு வந்தவர் மதியம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? எந்தக் கட்சிக்காரருடைய தம்பி என்பதை யார் விசாரிப்பது?

கற்பித்தல் அல்லாத வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறது, 2009 சட்டத்தின் 27ஆம் பிரிவு. அதே பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் விதிவிலக்கும் கொடுக்கிறது. அதற்கு முன்பே 2007இல் உச்ச நீதிமன்றம் ஆசிரியர்களை விடுமுறை நாட்களிலும் வகுப்பு இல்லாத நேரத்திலும் பயன்படுத்தும்படி சொல்லியிருக்கிறது. ஆக, கூடவே கூடாது என்று வாதாட இடமில்லை.

ஆனால் உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. மாவட்டத்திலிருந்து பெயர்ப் பட்டியல் கேட்கும்போது சில அலுவலகங்கள் பாதிப் பேரை அத்தியாவசியப் பணி என்று எழுதி ஒளித்துவிடும். பள்ளிக் கல்வித் துறையின் பட்டியல் ஒரு பெயர் விடாமல் போய்ச் சேரும். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் வைத்திருக்கும் துறைகளின் பங்கும் சேர்ந்து உங்கள் தலையில்தான் விழுகிறது. என்னைக் கேட்டால் ஆள் பற்றாக்குறை என்று சொல்வதில் ஒரு பகுதி பட்டியல் பற்றாக்குறை.

இனி விலக்கு. பணி ஒதுக்கீடு கம்ப்யூட்டர் குலுக்கலில் மூன்று சுற்றாக நடக்கிறது. முதல் சுற்றில் யார் யார் என்று மட்டும் முடிவாகும், பயிற்சி வகுப்புக்கு ஆர்டர் வரும். இரண்டாவது சுற்றில் நான்கு பேர் கொண்ட குழுவாகக் கட்டிச் சட்டமன்றத் தொகுதி ஒதுக்குவார்கள், அநேகமாக உங்கள் சொந்தத் தொகுதியாக இருக்காது. எந்த பூத் என்பது கிளம்பும் நேரத்தை ஒட்டித்தான் தெரியும். முதல் ஆர்டர் வந்தவுடன் போனால் பட்டியலில் ஒரு பெயரை எடுப்பதோடு வேலை முடிந்தது. இரண்டாவது சுற்றுக்குப் பிறகு போனால் ஒரு குழுவே உடைகிறது, பயிற்சி முடித்த ரிசர்வ் ஆளை அங்கே தூக்கிப் போட வேண்டும், அந்த நேரத்தில் தாசில்தார் அலுவலகத்தில் உங்கள் கதையைக் கேட்கப் பொறுமை யாருக்கும் இருக்காது. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மாலை மயங்கி விழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

அதனால் ஆர்டர் கைக்கு வந்த வாரமே மாவட்டத் தேர்தல் அலுவலர், அதாவது கலெக்டர் பெயருக்கு, தலைமை ஆசிரியர் வழியாக மனு கொடுங்கள். ஆபரேஷன் தேதி போட்ட மருத்துவமனைக் கடிதம், ரேஷன் கார்டு நகல், வீட்டில் வேறு பெரியவர் இல்லை என்று ஒரு வரி. அரசு மருத்துவரின் சான்று இருந்தால் கனம் கூடும். தெரிந்தவரை விட்டுப் போன் போட வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், மனு எண்ணும் ஒப்புகையும்தான் பின்னால் கைகொடுக்கும். ஓய்வு பெற ஆறு மாதமே இருப்பவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், கடுமையான நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் சிரமமில்லாமல் விலகிவிடுகிறார்கள். மாமியார் ஆபரேஷன் அந்த வரிசையில் நேரடியாக வராது, கலெக்டரின் முடிவுதான். முழு விலக்கு கிடைக்காவிட்டால் ரிசர்வில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்குச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். பதில் வரும்வரை பயிற்சி வகுப்பைத் தவறவிடாதீர்கள்.

போகாமலே இருந்துவிட்டால்? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 134ஆம் பிரிவு காட்டும் அதிகபட்ச அபராதம் 500 ரூபாய்தான், தலைமை அலுவலரின் ஒரு நாள் மதிப்பூதியமும் 2025 உயர்வுக்குப் பின் அதே 500 ரூபாய். பயப்பட வேண்டியது துறை நடவடிக்கைக்கும் சஸ்பென்ஷனுக்கும். பூத்தும் உங்களுக்காக நிற்காது: வாக்குப்பதிவு அலுவலர் வராவிட்டால், வேட்பாளருக்கு வேலை செய்யாத யாராவது அங்கே இருந்தால் அவரையே தலைமை அலுவலர் நியமித்துக்கொள்ளலாம் என்று 26ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் காலையில் மெஷினைச் சரிபார்க்க நடத்தும் மாதிரி வாக்குப்பதிவில் ஏஜென்ட்டுகள் முன்னால் 50 ஓட்டாவது போட்டு, முடிவைக் காட்டி, கிளியர் பட்டனை அழுத்தி அழித்துவிட்டுத்தான் நிஜ ஓட்டைத் தொடங்க வேண்டும். அழிக்க மறந்தால் கணக்கு முழுக்கக் குழம்பும். பயிற்சி இல்லாதவரை வைத்துக்கொண்டு இதைச் செய்யும் தலைமை அலுவலரின் காலை நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டியூட்டி உறுதியானால் பயிற்சி வகுப்பிலேயே உங்கள் ஓட்டுக்கான படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். மக்களவைத் தேர்தலில் வேறு மக்களவைத் தொகுதியில் வேலை என்றால் படிவம் 12, தபால் ஓட்டு. 2023 விதித் திருத்தத்துக்குப் பிறகு அதை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, பயிற்சி மையத்தில் இருக்கும் சிறப்பு மையத்திலேயே போட வேண்டும். உங்கள் மக்களவைத் தொகுதிக்குள்ளேயே வேலை என்றால் படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று வாங்கிக்கொண்டால், வேலை பார்க்கும் பூத்திலேயே மெஷினில் போடலாம். ஆர்டர் நகலும் வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகம் எண், வரிசை எண்ணும் கையில் இருக்கட்டும்.