குவெர்னிகாவை நடுப்பக்கத்தில் மடிக்கலாமா?

கேள்வி: பிக்காசோவின் ‘குவெர்னிகா’ ஓவியம் நாடு நாடாக அலைந்து ஸ்பெயினுக்குப் போன கதையை 48 பக்கக் கிராஃபிக் நாவலாக வரைகிறேன். பாடப்புத்தகம் மாதிரி வறட்சியாக வருகிறதே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: வருடங்களை அடுக்காதீர்கள், கேன்வாஸைப் பின்தொடருங்கள். 1937 ஏப்ரல் 26-இல், வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள குவெர்னிகா என்ற ஊர் குண்டுவீச்சில் எரிந்தது; ஓவியம் அதைப் பற்றியதுதான். சில வாரங்களிலேயே ஓவியம் தயாராகி, பாரிஸ் கண்காட்சியின் ஸ்பெயின் அரங்குக்குப் போனது. பிறகு ஸ்காண்டிநேவியா, லண்டன், 1939-இல் நியூயார்க். 7.77 மீட்டர் அகலம், 3.49 மீட்டர் உயரம்! சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டித்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். சுருட்டி விரிக்கும்போதெல்லாம் காய்ந்த வண்ணம் வெடிக்கும், உதிரும். 1957-இல் பின்புறம் மெழுகு ஏற்றிப் பலப்படுத்த வேண்டியதாயிற்று. உங்கள் கதை இந்த விரிசல்தான். ஓவியத்தின் ஒரே மூலையை நாலைந்து இடங்களில் நெருக்கமாகக் காட்டி, ஒவ்வொரு முறையும் விரிசலைக் கூட்டுங்கள்.

ஸ்பெயினில் மக்களுக்குச் சுதந்திரம் திரும்பும்வரை ஓவியம் அங்கே போகக்கூடாது என்றார் பிக்காசோ. அவர் 1973-இல் இறந்தார், ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ 1975-இல். ஓவியம் மாட்ரிட்டில் இறங்கியது 1981 செப்டம்பர் 10. அந்தப் பக்கத்தில் வசனமே வேண்டாம்.

ஓவியம் கறுப்பு, வெள்ளை, சாம்பல். மற்றக் கட்டங்களும் சாம்பலாக இருந்தால் அது அவற்றோடு கரைந்துவிடும். அவற்றுக்கு வெளிர் காவி கொடுங்கள். சிவப்பை 1974-க்கு மட்டும் வையுங்கள். அந்தப் பிப்ரவரியில் ஒருவர் அதன்மேல் சிவப்பு ஸ்ப்ரே அடித்தார். வார்னிஷ் பூசியிருந்ததால் துடைத்தெடுக்க முடிந்தது.

கேள்வி: முழு ஓவியத்தை இரண்டு பக்கம் பரப்பினால் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடுகிறதே?

பதில்: பெர்ஃபெக்ட் பைண்டிங்கில், அதாவது தாள்களை முதுகில் பசை வைத்து ஒட்டும் முறையில், பசை ஒவ்வொரு பக்கத்திலும் அரை சென்டிமீட்டருக்கு மேல் விழுங்கும். குவெர்னிகாவின் உயிரே குதிரையும் விளக்கேந்திய கையும் இருக்கும் அந்த நடுப்பகுதிதான். 48 பக்கம்தானே, சென்டர் பின் அடியுங்கள். 24, 25-ஆம் பக்கங்கள் ஒரே தாளில் வரும், எதுவும் மறையாது. பக்கம் 18 × 24 செ.மீ. என்றால் ஓவியம் 36 × 16.2 செ.மீ. வரும். அதுவரை ஓவியத்தைத் துண்டு துண்டாக மட்டும் காட்டுங்கள்.

பலூன்களில் வசனத்தை முதலில் எழுதிவிட்டு அப்புறம் படம் போடுங்கள். ‘ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்’ என்ற ஒரு சொல்லே கட்டத்தின் பாதியைத் தின்றுவிடும். ‘ஏத்துறாங்க’ போதும்.

கேள்வி: அனுமதி வேண்டுமா?

பதில்: வேண்டும். இந்தியாவில் பதிப்புரிமை ஓவியர் இறந்த பிறகும் 60 ஆண்டு, அதாவது 2033 முடியும்வரை நீடிக்கும். ஓவியத்தை அப்படியே நகலெடுத்து வரைவதும் இதில் அடங்கும். அச்சுக்குக் கொடுக்கும் முன்பே உரிமைதாரருக்கு எழுதுங்கள். அனுமதி கிடைக்கவில்லையென்றால் ஓவியத்தின் முன்பக்கத்தையே காட்டாதீர்கள்: சுருள், பெட்டி, மெழுகு ஏறிய பின்புறம், பார்த்து நிற்பவர்களின் முகங்கள். நடுப்பக்கத்தில் அந்த முகங்களை நிறுத்துங்கள்.