கிறிஸ்தவ அன்பையும் தாழ்மையையும் அன்றாட வாழ்க்கையில் கடைப்பிடிப்பது எப்படி?

கேள்வியைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி. நான் குடிக்காமல் விட்ட காப்பி.

தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தேன். ஏழைகளுக்கு உதவும் அமைப்பு. 1833இல் பாரிஸில் பிரடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவரும் நண்பர்கள் சிலரும் தொடங்கிய சபை இது. அப்போது அவருக்கு 20 வயது. 'உங்கள் திருச்சபை இப்போது ஏழைகளுக்கு என்னதான் செய்கிறது?' என்று ஒரு விவாதக் கூட்டத்தில் யாரோ மடக்கிக் கேட்டிருக்கிறார்கள். பதில் பேசுவதைவிட ஏதாவது செய்துவிடலாம் என்று கிளம்பியவர்கள் அவர்கள்.

சபையின் இரண்டு வழக்கங்கள் எனக்குப் பிடிக்கும். உதவி தேவைப்படும் வீட்டுக்கு இருவர் இருவராக நேரில் போக வேண்டும். அப்புறம், வாரக் கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும். எல்லோரும் மூடிய கையை உள்ளே விட்டு எடுப்போம். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று இயேசு சொன்னதற்கு ஒரு பை தைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். நம் கோயில் மின்விசிறியின் இறக்கையில்கூட 'உபயம்' என்று பெயர் எழுதி வைக்கிறோம், கரண்ட் போனால்தான் வாசிக்க முடியும் என்றாலும்.

சரி, காப்பிக்கு வருகிறேன். சேர்ந்த புதிதில் ஓர் அண்ணாச்சியோடு தனியாக வாழும் ஒரு ஆச்சி வீட்டுக்குப் போனேன். அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டு போயிருந்தோம். ஆச்சி பாயை உதறி விரித்து உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டில் போய்க் காப்பித்தூள் வாங்கி வந்து அடுப்பைப் பற்றவைத்தார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "வேண்டாம் ஆச்சி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நான் காப்பியே குடிக்கிறதில்ல" என்றேன். சுத்தப் பொய். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் தன் டம்ளரை வாங்கி நிதானமாகக் குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டும் வாங்கினார். என் டம்ளர் பாய் ஓரத்தில் ஆறிக் கிடந்தது.

திரும்பும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டே அண்ணாச்சி சொன்னார்: "தம்பி, அவங்க கையில குடுக்கதுக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் வேண்டாம்னுட்டீரே."

ரொம்ப நாள் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. ஆச்சிக்குச் சிரமம் வேண்டாம் என்று நான் நினைத்தது அன்புதான் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால், கொடுக்கும் ஆளாகவே இருந்துவிட்டுப் போக வேண்டும் என்ற ஆசை எனக்கு. அவரிடம் வாங்கிவிட்டால் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும்.

யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் சீடர் பேதுருவுக்கும் இதே சிக்கல். கடைசிப் பந்தியில் சீடர்களின் காலைக் கழுவ இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தபோது, 'நீங்களாவது என் காலைக் கழுவுவதாவது' என்று பேதுரு மறுக்கிறார். கேட்டால் பணிவு மாதிரி இருக்கும். ஆனால் இயேசு அதை ஏற்கவில்லை: கழுவ விடாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்கிறார். அந்தப் பந்தியில் இயேசுவைக் காட்டிக்கொடுக்கப்போகும் யூதாசும் இருந்தான், அவன் எழுந்து வெளியே போவது பிறகுதான் என்பதையும் சேர்த்து வாசித்தால் இன்னும் உறைக்கும்.

பெரிய வியாழனன்று, அதாவது புனித வெள்ளிக்கு முந்தின நாள், கோயிலில் இதை வருடா வருடம் செய்கிறோம். சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். அந்தப் பட்டியலில் யார் பெயர் வரும் என்பதில் ஒரு வருடம் எங்கள் பங்கில் இரண்டு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. தாழ்மைக்கான சடங்கில் இடம் பிடிக்கச் சண்டை! நானும் ஒரு முறை உட்கார்ந்திருக்கிறேன். வீட்டிலேயே சோப்புப் போட்டு இரண்டு தடவை காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போனேன். அழுக்குக் காலைச் சாமியாரிடம் நீட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? 2013இல் போப் பிரான்சிஸ் இந்தச் சடங்கை ரோமில் ஒரு சிறார் சிறையில் நடத்தினார். கால் நீட்டியவர்களில் இரண்டு பெண்களும் இஸ்லாமியரும் இருந்தார்கள். சடங்கில் பெண்களைச் சேர்க்க முறைப்படி அனுமதி வந்தது 2016இல்தான்.

இதெல்லாம் கோயில் விவகாரம். நீங்கள் கேட்டது அன்றாட வாழ்க்கையை. அங்கேதான் எனக்குச் சரியாக அடி விழுந்தது.

ஒரு நாள் வீடு சந்திப்பு முடிந்து வந்து, யாரைப் பார்த்தோம், எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தோம் என்று மனைவியிடம் அளந்துகொண்டிருந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "ஊரான் வீட்டுப் பாயில ஒரு மணி நேரம் உக்காருதீங்க. இங்க எங்க அம்மாகிட்ட நீங்க பேசி எத்தன நாளாச்சு?" என்றாள். அத்தை எங்களோடுதான் இருக்கிறார், அடுத்த அறையில். நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. ஒரே கதையை நாற்பது தடவை சொல்வார், அதுதான்.

'அன்பு பொறுமையுள்ளது' என்று திருத்தூதர் பவுல் பைபிளில் எழுதியதைக் கல்யாணப் பூசையில் கேட்டுக் கேட்டு, அது மாப்பிள்ளை பெண்ணுக்கு எழுதியது என்றே நினைத்துவிட்டோம். கொரிந்து என்ற ஊரின் கிறிஸ்தவச் சபையில் யாருடைய வரம் பெரியது என்று போட்டி. ஒன்றுகூடும் விருந்தில் சிலர் வயிறு முட்டச் சாப்பிட, சிலர் பட்டினி. அந்த ஆட்களுக்கு எழுதிய கடிதம் அது. பட்டியலில் முதலாவதாகப் பொறுமையை வைத்தார். நாற்பத்தோராவது தடவை அதே கதையைக் கேட்பது அதில் அடங்குமா என்றால், அடங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், செல்போனை வேறு அறையில் வைத்துவிட்டு அத்தை பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். அப்படி ஒரு நாள்தான் அவர் கால் நகம் வளைந்து சதையில் குத்துவதைப் பார்த்தேன். குனிய முடியாததால் வெட்டவில்லை. மகளிடம் சொன்னால் அவளுக்கு வேலைக்கு மேல் வேலையாம். நான் நகவெட்டியை எடுத்ததும் பதறிக் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். "மருமகன் காலத் தொடுறதா, ஊரு சிரிக்கும்." மூன்று வாரம் ஆனது சம்மதிக்க. வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால்தான் வெட்ட வருகிறது, பாறை மாதிரி நகம்.

இப்போது அது ஞாயிற்றுக்கிழமை வேலை. போன ஞாயிறு கிரிக்கெட் பார்த்ததில் மறந்துவிட்டேன். அத்தை வெந்நீர் வைக்கும் பேசினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக ராத்திரி மனைவிதான் சொன்னாள்.